நடுவில் ஒரு கண்ணாடி

நான் பௌதிகவியல் படித்த எழுபதுகளில் ஒளி முறிந்தது. வளியிலிருந்து நீருக்குள் சாய்வாகப் புகும் கதிர் திசைமாறுவதை முறிவு என்று எங்கள் நூல்கள் எழுதின. எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு முறிவுச் சுட்டி என்று பெயர். பிறகு முப்பத்தொரு வருடங்கள் நானும் அதையே கரும்பலகையில் எழுதினேன். கம்பு முறியும், கை முறியும், பேசி முடித்த கலியாணமும் சிலவேளை முறியும். ஒளி எப்படி முறியும் என்று என்னிடம் எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. ஓய்வுபெற்று மடுல்கெல்லவில் வந்து குடியிருக்கத் தொடங்கிய பிறகுதான் ஒருத்தி கேட்டாள்.

எங்கள் பஸாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவரின் மகள் அவள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு. வகுப்பில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருந்த மாதங்களைவிட இல்லாத மாதங்கள் கூட. அதனால் கைத்தொலைபேசியில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகளைப் பார்த்துத் தானாகவே படித்து வந்திருக்கிறாள். அங்கே அது ஒளிவிலகல். நமது முறிவுச் சுட்டி அவர்களுக்கு ஒளிவிலகல் எண். இத்தோடு நின்றால் பரவாயில்லை. நம் நூல்களிலும் விலகல் என்றொரு சொல் இருக்கிறது, அது வேறு. அரியத்தினூடாகப் போன கதிர் தன் பழைய பாதையிலிருந்து எத்தனை பாகை திரும்பியது என்பதுதான் நமக்கு விலகல். அவர்கள் அதைத் திசைமாற்றக் கோணம் என்கிறார்கள். அரியமே அங்கு முப்பட்டகம். பாக்குநீரிணையின் இரண்டு கரையிலும் தமிழ்தான், ஆனால் அந்தக் கரையின் விலகலை இந்தக் கரையின் விடைத்தாளில் எழுதினால் புள்ளி போய்விடும்.

"இதுல எது சேர் சரி?" என்று கேட்டாள்.

"பரீட்சைக்கு முறிவு" என்றேன்.

"நான் பரீட்சைக்குக் கேக்கல்ல சேர்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று.

மடுல்கெல்லவை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக ஏறி வந்தால், நக்கிள்ஸ் மலைகளின் பக்கமாகத் தேயிலைக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் இது. மடக்கிய கையின் முட்டிகளைப் போலத் தெரிந்ததால் வெள்ளைக்காரன் மலைக்கு அந்தப் பெயரை வைத்தான். சிங்கள மக்கள் சொல்லும் தும்பற என்ற பெயரில் பனிமூட்டம் இருக்கிறது என்பார்கள். இங்கே ஒரு மாதம் இருந்து பார்த்தவர் இரண்டாவது பெயருக்குத்தான் கைதூக்குவார். 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது நக்கிள்ஸ் காடும் அதில் அடங்கியது. காட்டைப் பார்க்க எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். தமிழில் பௌதிகவியல் படிப்பிக்கத்தான் ஆள் வருவதில்லை. மலையகத்தில் தமிழ்மொழிமூலம் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் உள்ள உயர்தரப் பாடசாலைகள் குறைவு என்பதும், உள்ள இடத்திலும் ஆசிரியர் நிலைப்பது அருமை என்பதும் இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

ஆகவே பிள்ளை கண்டிக்குப் போகிறாள். விடியுமுன் எழும்பி, பனிக்குள் நின்று பஸ் பிடித்து, வளைவுக்கு வளைவு தலையைச் சன்னலில் இடித்துக்கொண்டு போய், டியூஷன் முடிந்து இருட்டோடு திரும்புகிறாள். 2022இன் நெருக்கடியோடு ஏறிய பஸ் காசு ஒரு சின்னக் கடைக்காரருக்குச் சின்னக் காசு அல்ல. வாப்பா ஒருநாள் என்னிடம் யோசனை கேட்டார். "சேர், இவளக் கலைப் பிரிவுக்கு மாத்தினா என்ன? பக்கத்திலயே படிக்கலாம். நாளைக்கி டீச்சராகவும் வரலாம்." கலைப் பிரிவை நான் குறைத்து நினைப்பவனல்லன். நான் வாசித்து இன்புற்றவற்றில் பெரும்பகுதி அந்தப் பிரிவில் படித்தவர்கள் எழுதியதுதான். ஆனால் இந்தப் பிள்ளையை மாற்றவிருந்தது விருப்பமல்ல, பஸ். தவணை முடியட்டும், பிறகு பேசுவோம் என்று தவணை வாங்கினேன். ஐந்து வாரம் இருந்தது. கிழமைக்கு ஒரு மாலை என் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, அவள் தீர்க்க முடியாமல் வைத்திருக்கும் வினாக்களைப் பார்ப்பதென்று ஏற்பாடு.

முதலில் வந்த வினாவைத்தான் சொல்லப் போகிறேன். நீருக்கடியில் ஒரு விளக்கு. அதிலிருந்து வரும் ஒரு கதிர் நீரின் மேற்பரப்பைச் செவ்வனுடன் 50 பாகையில் சந்திக்கிறது. நீரின் முறிவுச் சுட்டி 4/3. கதிர் வளிக்கு வராது என்று காட்டுக. இனி, முறிவுச் சுட்டி 3/2 உள்ள கண்ணாடித் தகடு ஒன்று, இடையில் வளி இல்லாதபடி, நீரின்மேல் படிய வைக்கப்படுகிறது. இப்போது கதிர் வளிக்கு வருமா?

முதற்பகுதி சுலபம். ஒவ்வோர் ஊடகத்திலும் முறிவுச் சுட்டியைக் கதிரின் கோணத்தின் சைனால் பெருக்கினால் ஒரே விடை வரவேண்டும். அதுதான் சினெல்லின் விதி. நீரில் 50 பாகையின் சைன் 0.766. அதை 4/3ஆல் பெருக்கினால் 1.02. வளியின் சுட்டி 1 என்பதால் வளியிலே சைன் 1.02 ஆகும் கோணம் ஒன்று வேண்டும். அப்படிக் கோணம் உலகத்தில் இல்லை. நீரில் 48.6 பாகையிலேயே கதிர் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு போகத் தொடங்கிவிடும். அதுவே அவதிக் கோணம். அதைத் தாண்டினால் முழுவதும் உள்ளேயே தெறிக்கும். இவ்வளவும் அவள் என் உதவி இல்லாமல் எழுதியிருந்தாள்.

இரண்டாவது பகுதியில் அவள் எழுதியிருந்தது சுவையானது. நீரிலிருந்து கண்ணாடிக்குப் போகும்போது ஒளி இன்னும் மெதுவான ஊடகத்துக்குப் போகிறது. அந்தப் பக்கம் போகையில் முழு அகத்தெறிப்பு நிகழவே முடியாது. ஆகவே கதிர் கண்ணாடிக்குள் புகுந்துவிடும். நீரை விட்டுத் தப்பியாயிற்று. ஆகவே வரும். "கண்ணாடி ஒரு கதவு மாதிரித்தானே சேர்?" என்றாள். முன்பும் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் இதே கதவைத் திறந்திருக்கிறார்கள். மந்தமான பிள்ளைக்கு இந்தக் கதவு கண்ணில் படாது.

கண்ணாடிக்குள் கோணம் என்ன என்று மட்டும் கேட்டேன். 1.02ஐ 1.5ஆல் வகுத்தாள். சைன் 0.681. கோணம் 42.9 பாகை. கண்ணாடிக்கும் வளிக்கும் இடையிலான அவதிக் கோணம்? 41.8. ஒரு பாகை சொச்சத்தால் கதிர் மறுபடி அகப்பட்டுக்கொண்டது. புகுந்த கதவு திறந்தது, அடுத்த கதவு பூட்டு.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. வேறு கண்ணாடி போட்டால்? 1.6 முறிவுச் சுட்டி உள்ள கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். உள்ளே 39.7 பாகை, அவதி 38.7. சரி, 1.7? 36.9, அவதி 36.0. வைரத்தை வைத்தால் என்ன என்று கேட்டாள். வைரத்தின் சுட்டி 2.42 என்று சொன்னேன். கல்குலேற்றரில் 25.0 வந்தது. அவதி 24.4. ஒவ்வொரு தடவையும் கொஞ்சத்தில், கொஞ்சத்தில் தவறியது. வைரத்துக்குப் பிறகு பேனையை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் தேயிலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூன்று ஊடகங்களுக்குமான பெருக்கத்தை ஒரே வரியில், இரண்டு சமன் குறி போட்டு எழுதினாள். நடுவிலுள்ளதன்மேல் மெல்லிய கோடு ஒன்று கிழித்தாள்.

"நடுவுல உள்ளது வெட்டுப்பட்டுப் போகுது சேர்."

அவ்வளவுதான் விடை. நீரின் பெருக்கம் கண்ணாடியின் பெருக்கத்துக்குச் சமன், கண்ணாடியினது வளியினதுக்குச் சமன். ஆகவே நீரினது வளியினதுக்குச் சமன். நடுவில் கண்ணாடியோ வைரமோ பத்துத் தகடோ, முகங்கள் சமாந்தரமாக இருக்கும்வரை கடைசிக் கோணம் மாறாது. நீரிலிருந்து நேரே வெளியேற முடியாத கதிருக்கு எந்தத் தகடும் வழிவிடாது. வினாவைத் தயாரித்தவர் எதிர்பார்த்தது இரண்டு வரி. அவள் வைரம்வரை போய்த் திரும்பி வந்து அந்த இரண்டு வரியை எழுதினாள். அந்த நடை வீணென்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஏன் என்ற கேள்வி அப்படியே இருந்தது. மழைநாளில் தார்ப் பாதையிலிருந்து சேற்றுக்குள் சாய்வாக இறங்கும் லொறியை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைப் படம் கீறிக் காட்ட வேண்டியதில்லை. முதலில் சேற்றைத் தொட்ட சில்லு மெதுவாகும், மறுபக்கத்துச் சில்லு இன்னும் தாரில் பழைய வேகத்தில் ஓடும். லொறியின் மூக்கு சேற்றுப் பக்கம் திரும்பும். நேராக இறங்கினால் மெதுவாகும், திரும்பாது. ஒளி வெற்றிடத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் போகிறது, நீரில் இரண்டேகால் இலட்சம், சாதாரண கண்ணாடியில் 2 இலட்சம். 4/3, 3/2 என்ற எண்களெல்லாம் இந்த வேகங்களின் விகிதங்கள். எல்லைக்கோட்டில் நடப்பது வேகமாற்றம். திரும்புதல் அதன் பின்னால் வருகிறது.

இந்த 4/3 கொப்பிக்குள் மட்டும் கிடக்கிற எண்ணும் அல்ல. ஹுலு கங்கையில் குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். தெளிந்த நீரில் ஆறு அடி ஆழத்தை நேர் மேலே நின்று பார்த்தால் நாலரை அடியாகத் தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்க்கும்போது இன்னும் ஏமாற்றும். செவ்வனுடன் 60 பாகையில் பார்க்கிற கண்ணுக்கு அதே ஆறு அடி மூன்று அடி அளவில்தான் தெரியும். இடுப்பளவுதானே என்று குதிப்பவனின் தலைக்குமேல் தண்ணீர் நிற்கும். நீந்தத் தெரியாதவனுக்கு இது சினெல்லின் விதியில் மிக முக்கியமான பகுதி.

"அப்ப லொறி முறியல்லதானே சேர்? திரும்புது." அவள் தன் பழைய கேள்விக்கு வந்துவிட்டாள்.

மத்ரஸாவில் கொஞ்சம் அரபு இலக்கணம் படித்தவள் என்பதால் அரபுப் பெயர்களைச் சொன்னேன். ஆயிரம் வருடங்களுக்கு முன் இப்னுல் ஹைதம் எழுதிய சொல் இன்இதாஃப். வளைதல், ஒரு பக்கம் சாய்தல், திரும்புதல். 'வ' போன்ற இணைப்பிடைச் சொல்லை ஹர்ஃபு அத்ஃப் என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். அதே வேர். ஒருவர்பால் மனம் சாய்வதற்கும், இரங்குவதற்கும் அதே வேர்தான். ஆனால் இன்றைய அரபுப் பாடநூல்களில் அந்தச் சொல் இல்லை, இன்கிஸார் என்று இருக்கிறது. கஸ்ர் என்றால் உடைத்தல். ஐரோப்பியர் வைத்த லத்தீன் பெயரின் வேரிலும் உடைத்தல்தான் இருக்கிறது. நம்முடைய கலைச்சொற்காரர்களும் அந்த வழியில் போய்த்தான் முறிவு என்று வைத்தார்கள் என்று நினைக்கிறேன். ஆக, அரபியில் திரும்பிக்கொண்டிருந்த ஒளி, அரபியிலேயே பிற்காலத்தில் முறிந்துவிட்டது. எனக்கு இன்இதாஃப் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டார் விலகலும் மோசமில்லை. ஆனாலும் பரீட்சைத் தாளில் முறிவு என்றே எழுதவேண்டும் என்று மறுபடி சொல்லிவைத்தேன்.

இப்னுல் ஹைதமின் பெயர் வந்துவிட்டபடியால் ஒன்று சொல்லாமல் நகர முடியாது. நம்முடைய மேடைகளில் அவர் பெயர் அடிக்கடி வருகிறது. 2015ஐ யுனெஸ்கோ ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது, அவருடைய கிதாபுல் மனாழிருக்கு ஆயிரமாண்டு என்று உலகமெங்கும் பேசப்பட்டது. நியாயமான கொண்டாட்டம். அத்தோடு, கமரா என்ற சொல்லே அவருடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்ற கதையும் ஒலிவாங்கிக்கு ஒலிவாங்கி நடந்து திரிகிறது. அது பிழை. கமரா லத்தீன் சொல், அறை என்று பொருள். இருட்டறை என்பதற்கு அவர் வைத்த பெயர் அல்பைத்துல் முழ்லிம். உண்மையாகவே செய்தவற்றால் நிமிர்ந்து நிற்கும் ஒரு மனிதருக்கு இரவல் சட்டை போடுவானேன்?

அவர் செய்தது என்ன? 965 அளவில் பஸராவில் பிறந்து 1040 அளவில் கெய்ரோவில் மறைந்தவர். ஏழு பகுதிகள் கொண்ட அந்த நூலின் ஏழாவது பகுதி முழுக்க இன்இதாஃப் பற்றியது. கோணங்களை அளக்கக் கருவி செய்தார். அடர்ந்த பொருளில் ஒளி மெதுவாகப் போகிறது என்று கருதி, அதன் இயக்கத்தை எல்லைக்கு நேரான கூறாகவும் கிடையான கூறாகவும் பிரித்து விளக்க முயன்றார். 1637இல் டேக்கார்ட் இந்த விதியை அச்சிட்டபோது, அடர்ந்த பொருளில் ஒளி எளிதாக, விரைந்து போகிறது என்று எடுத்துக்கொண்டார். 1850இல் ஃபூக்கோ பாரிஸில் செய்த பரிசோதனைதான் நீரில் ஒளி வளியைவிட மெதுவாகப் போகிறது என்று காட்டியது. மெதுவாகும் விஷயத்தில் பஸராக்காரர் சரி.

ஆனால் சைன் விதி அவருடையதல்ல. அவருக்கு முந்திய தலைமுறையில், 984 அளவில், பக்தாதில் இப்னு ஸஹ்ல் என்ற கணிதர் எரிக்கும் கருவிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சூரிய ஒளியை ஒரு புள்ளியில் குவித்துத் தீமூட்ட வில்லையின் முகம் எந்த வளைவில் இருக்கவேண்டும் என்பது அவருடைய வேலை. அதற்காக ஒரு படம் கீறுகிறார். பளிங்கினுள் வரும் கதிர் ஒன்று, அது வெளியே திரும்பும் கோடு ஒன்று, அவை நிலைக்குத்தில் வெட்டும் இரண்டு நீளங்கள். அந்த நீளங்களின் விகிதம் எப்போதும் மாறாது என்று வைத்து வேலையை நடத்துகிறார். அந்த விகிதத்தை இன்று நாம் சைனில் எழுதினால் அதுவே சினெல்லின் விதி. லெய்டனில் சினெல் அதைக் கண்டது 1621 அளவில். அவருக்குமுன் 1602இல் இங்கிலாந்தின் ஹரியட்டும் கண்டிருந்தார். இருவருமே அச்சிடவில்லை.

இப்னு ஸஹ்லின் ஏடுகள் பிரிந்து ஒரு பகுதி டமஸ்கஸிலும் ஒரு பகுதி தெஹ்ரானிலும் கிடந்தன. எகிப்தில் பிறந்து பிரான்சில் பணியாற்றிய ருஷ்தி ராஷித் இரண்டையும் ஒன்றுசேர்த்துப் பார்த்து, இதில் இருப்பது எது என்று 1990இல் எழுதினார். ஆயிரம் வருடங்களுக்கு ஆறு வருடம் கூட. அதைவிட என்னை யோசிக்கவைப்பது வேறொன்று. இப்னுல் ஹைதம் இப்னு ஸஹ்லின் எழுத்துகளை அறிந்தவர். அறிந்திருந்தும் அந்த விகிதத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை, தம் வழியில் கோணங்களையே ஒப்பிட்டுக்கொண்டு போனார். இப்னு ஸஹ்ல் அதை ஒரு விதி என்று பெயர்சூட்டி வைக்கவில்லை, வில்லை செய்யும் உளியாகப் பயன்படுத்தினார், வேலை முடிந்ததும் வைத்துவிட்டார். பக்தாதிலேயே அடுத்த ஆளின் கைக்கு அது போய்ச் சேரவில்லை. முதலில் கண்டவர் நம்மவர் என்று மேடையில் சொல்லும்போது இந்தப் பாதியையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

மறுபக்கத்தில் இன்னொரு பேச்சு உண்டு. அரபியர் கிரேக்க அறிவை வாங்கி ஐரோப்பாவுக்குக் கடத்தினார்கள், அவ்வளவுதான் என்பது. அதாவது நடுவிலிருந்த கண்ணாடி, சமன்பாட்டில் வெட்டுப்பட்டுப் போவது. இதைக் கேட்கும்போதெல்லாம் இனி எனக்கு அந்தப் பிள்ளையின் கோடுதான் ஞாபகம் வரும். ஆனால் முகங்கள் சமாந்தரமாக இருந்தால்தான் வெட்டுப்படும் என்ற நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. இப்னு ஸஹ்லின் பளிங்கு சமாந்தரத் தகடு அல்ல.

வாப்பாவின் கதைக்கு வருகிறேன். மூன்றாவது வாரம், மஃரிபுக்குச் சற்று முன் மகளைக் கூட்டிப்போக வந்தவர், கொப்பியில் இருந்த தகட்டின் படத்தை எட்டிப் பார்த்தார். தகட்டுக்குள் சாய்ந்து போய் மறுபக்கம் பழைய திசையிலேயே, ஆனால் கொஞ்சம் தள்ளி வெளிவரும் கதிர். "இது எங்கட வேலதானே சேர்" என்றார். கடையில் கண்ணாடி வெட்டிக் கொடுப்பவர் அவர். தடித்த கண்ணாடிக்குக் கீழே கோடு கீறி வைத்து, பக்கத்தில் நின்று சரிவாகப் பார்த்து வெட்டினால் அளவு பிழைத்துவிடுமாம். நேர் மேலே தலையை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு வேலை பழக்கியவர் முதல்நாளே சொன்னாராம். எவ்வளவு பிழைக்கும் என்று மகளைக் கேட்டார். அவள் 6 மில்லிமீற்றர் கண்ணாடிக்கு, 45 பாகையில் பார்ப்பதாக வைத்துக் கணித்தாள். கதிர் தள்ளிப்போகும் தூரம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வந்தது. அவர் தம் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் ஓர் இடைவெளியைப் பிடித்துப் பார்த்து, "ஓ, அவ்வளவு வரும்" என்றார். அவர் மகளுடைய கணக்கை அவர் சரிபார்த்த முதற்தடவை அதுவாக இருக்கவேண்டும்.

போகிற போக்கில் சூரியனைப் பற்றியும் பேச்சு வந்தது. காலிமுகத்திடலில் நின்று பார்க்கையில் சூரியனின் கீழ்விளிம்பு கடலைத் தொடுகிற நேரத்தில், உண்மையில் சூரியன் முழுதாகவே அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். வெற்றிடத்திலிருந்து வளிமண்டலத்துக்குள் வரும் கதிர் திரும்புவதால், அடிவானத்தில் அரைப் பாகைக்குச் சற்று அதிகமாகச் சூரியனைத் தூக்கிக் காட்டுகிறது. சூரியனின் அகலமும் அவ்வளவுதான். நம் நாட்டில் அது இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடிய நேரம். கண்ணுக்குத் தெரியும் மறைவுதான் கணக்கு என்பதால் சூரியன் மறையும் நேரத்தைக் கணிப்பவர்கள் இதையும் சேர்த்தே கணிக்கிறார்கள். மலைகளுக்கு நடுவிலிருக்கும் எங்களுக்குச் சூரியன் எப்போதோ மலைக்குப் பின்னால் போய்விடும், காலண்டரைப் பார்த்துத்தான் நோன்பு திறக்கிறோம். "அப்ப காலண்டருக்குள்ளயும் இது இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பாங்கு கேட்டதும் எழுந்து போனார். அன்று கலைப் பிரிவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தவணை முடிந்த கிழமை, கடையில் ஆணி நிறுத்துக்கொண்டே, "இந்த வருஷம் போகட்டும் சேர். அடுத்த வருஷம் பஸ் காசு எப்பிடியோ பார்ப்பம்" என்றார். அது முடிவான பேச்சு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வருடம் ஒரு வருடந்தான்.

அதற்குள் தோட்டத்திலிருந்து ஒரு பையனும் வந்து சேர்ந்திருந்தான். இருவருக்கும் வானவில்லைக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. பாரசீகத்தவரான கமாலுத்தீன் அல் பாரிஸீ, 1319 அளவில் மறைந்தவர், இப்னுல் ஹைதமின் நூலுக்கு விரிவுரை எழுதியவர். ஒரு மழைத்துளியைக் கையில் பிடித்துப் பார்க்க முடியாது என்பதால் பெரிய கண்ணாடி உருண்டையில் நீரை நிரப்பி அதையே துளியாக வைத்துக்கொண்டார். கதிர் உருண்டைக்குள் புகும்போது ஒருமுறை திரும்பி, பின்சுவரில் தெறித்து, வெளிவரும்போது இன்னொருமுறை திரும்புகிறது என்று கண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் தியொடோரிக் என்ற பாதிரியாரும் இவரை அறியாமலே அதே முடிவுக்கு வந்தார்.

எங்களுக்கு உருண்டை கிடைத்தது கடையில். பழைய 100 வாட் குண்டு பல்ப், பியூஸ் போனது. பித்தளை மூடியைக் கழற்றி, உள்ளே இருந்ததை எடுத்து, நீரை நிரப்பிக் கொடுத்தவர் வாப்பாதான். பிள்ளைகளின் கையில் கண்ணாடியைக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. ஒரு மட்டைப் பெட்டியைப் பிரித்து வெள்ளைத்தாள் ஒட்டி, நடுவில் பல்பின் அளவுக்கு ஓட்டை வெட்டினோம். எல்லாம் தயார், சூரியன்தான் இல்லை. மூன்று கிழமை பனி. தும்பற தன் பெயரைக் காப்பாற்றியது.

ஒரு போயா நாள் காலை எட்டரை மணிக்குப் பனி விலகியது. பையன் மட்டையைச் சூரியனுக்கு நேரே பிடித்தான். ஓட்டையால் வந்த வெயில் பல்பில் விழுந்தது. பல்பைப் பார்த்திருந்த வெள்ளைத்தாளில், ஓட்டையைச் சுற்றி, மங்கலாக ஒரு நிறவட்டம் வந்தது. வெளிவிளிம்பு சிவப்பு. பல்பின் கழுத்து இருந்த பக்கம் வட்டம் அறுந்திருந்தது. பல்பின் நடுவிலிருந்து தாளுக்கு 30 சென்ரிமீற்றர், சிவப்பின் ஆரை இருபத்தாறரை. அவள் கல்குலேற்றரில் போட்டாள். 41.5 பாகை. வானத்து வில்லின் சிவப்பு நிற்பது 42இல்.

பையன் மட்டையைப் பிடித்தபடியே கேட்டான்: "மழைத்துளிக்குக் கண்ணாடி இல்லையே சேர். இதுல தண்ணியச் சுத்திக் கண்ணாடி இருக்கே?"

நான் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள்: "அது மெல்லிசு. ரெண்டு பக்கமும் சமாந்தரம். நடுவுல உள்ளது வெட்டுப்பட்டுப் போகும்."

இரண்டாவது வில்லையும் பார்க்கவேண்டும் என்றார்கள். உள்ளே இருமுறை தெறித்து வருவது அது, நிறங்கள் தலைகீழ், 51 பாகையில் நிற்கும். கணக்குப்படி 37 சென்ரிமீற்றர் ஆரை. எங்கள் மட்டை அவ்வளவு அகலமில்லை. பெரிய பெட்டி கேட்டு வரப் பையன் கடைக்கு ஓடினான். அவன் திரும்பி வருவதற்குள் பனி இறங்கிவிட்டது.